கொழுப்புக் குளிசை மேல் நான் போட்ட பழி

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாரிலிருந்து போன் எடுத்துப் பேசிய பேச்சு நான்கு நாட்களாக என்னைச் சோறு தின்ன விடவில்லை. கம்பெனியில் எல்லாருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், உனக்குக் கொலஸ்ட்ரோல் கூட இருக்கிறதாம், டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார் என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாய். "பேரப் பாத்தேன் அம்மா. அப்பாவக் கொன்ன அதே குளிசை. அப்பிடியே குப்பையில போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். ஒரு வேலையை ஒழுங்காக முடித்தவன் சிரிக்கிற சிரிப்பு அது. பிறகு, முதுகு நோவு பரவாயில்லை, நீங்க குடுத்தனுப்பிய குளிசை நல்லா கேக்குது என்றாய். வைகாசியில் உன் கல்யாணத்துக்கு வரும்போது பெண்ணுக்கு என்ன நிறத்தில் சேலை எடுக்கலாம் என்றும் கேட்டாய். நான் "சரிப்பா, ஒடம்பப் பாத்துக்க" என்றேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பரா வைத்த நம் லயத்துச் சுவர் உனக்குத் தெரியாததா? இந்தக் காம்பராவில் தும்மினால் மூன்றாவது காம்பராவிலிருந்து நூறு வயசு என்று வாழ்த்துவார்கள். நான் சொல்லப்போவது அந்தச் சுவரைத் தாண்டிப் போகக்கூடாத பேச்சு. அதோடு, போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், வழக்கம்போல நீ "விடுங்கம்மா, விடுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இதையும் இரண்டு தடவை எழுதிக் கிழித்துப்போட்டு மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். முதல் கடிதத்தில் என் மேல் ஒரு பிழையும் இல்லாத மாதிரி வந்தது. இரண்டாவதில் எல்லாம் என் பிழை என்று வந்தது. எது உண்மை என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. எழுதி முடிக்கும்போதாவது தெளியுமா பார்ப்போம்.

நான் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தவள் என்பது உனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் டொக்டரும் இல்லை, நேர்சும் இல்லை. புண் கழுவி, மருந்து கலக்கி, டிஸ்பென்சர் ஐயா எழுதும் துண்டைப் பார்த்துக் குளிசை எண்ணிக் கொடுக்கிற ஆள். ஆனால் அவருக்கு மூன்று டிவிஷன் பார்க்க இருந்தது. வாரத்தில் பாதி நாள் இந்தப் பக்கமே வரமாட்டார். அதனால் லயத்துச் சனத்துக்கு நான்தான் பாதி டொக்டர். மருந்துக்கார அக்கா என்றால் ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகிற பாதை முழுக்கத் தெரியும். டப்பாவில் இருக்கிற இங்கிலீசு எழுத்துக்களைக் கூட்டிக் கூட்டி வாசிக்கவும் அங்கேதான் பழகினேன். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இருந்தது என்ன, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

விடியற்காலை வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிக்க முந்தியே டிஸ்பென்சரி வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். இடுப்பு நோவு, முழங்கால் நோவு, கூடை தூக்கித் தூக்கிக் கழுத்து நோவு. "அக்கா, ஒன்னு குடுங்க, மலைக்குப் போயிருவேன்" என்பார்கள். உடம்புக்கு வருத்தம் என்று படுத்தால் அன்றைக்கு வேலைக் கணக்கில் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. ஒரு நோவுக் குளிசையைக் கொடுத்தால் வாயில் போட்டுக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மலை ஏறிவிடுவார்கள். இருபத்தாறு வருஷம் அப்படிக் கொடுத்திருக்கிறேன். காய்ச்சலுக்குக் கொடுப்பது மருந்து, பூச்சிக்குக் கொடுப்பது மருந்து. நோவுக்குக் கொடுப்பதை நாங்கள் யாரும் மருந்து என்று நினைத்ததே இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடுகிற மாதிரி அது. இதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

உன் அப்பா கவ்வாத்துக்காரர். நாள் முழுக்கக் குனிந்து நின்று கத்தி பிடித்துத் தேயிலைச் செடியை வெட்டியவர். நாற்பது வயதிலேயே அவர் முழங்கால் போய்விட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் என் கையால் ஒரு நோவுக் குளிசை வாங்கிப் போட்டுக்கொள்வார். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. நானும் வேலையை விட்டுவிட்டதால் டவுனுக்குப் போகும்போதெல்லாம் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பார்மசியில் ஒரு பெட்டி வாங்கி வருவேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தி, நீ கட்டாருக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும், கோயில் படி ஏறும்போது அவருக்கு நெஞ்சு அடைத்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பிரசர் இருக்கிறது, இரத்தத்தில் கொழுப்பும் கூட இருக்கிறது, மாசா மாசம் கிளினிக்குக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எலும்பும் தோலுமா இருக்கிறவனுக்குக் கொழுப்பாம். இந்தா புள்ள, ஒனக்குத்தான் எழுத வேண்டியத மாத்தி எழுதிட்டாங்க" என்று வரிசையில் நின்றபடியே என்னைக் கேலி செய்தார். பக்கத்தில் நின்ற சிங்களத்து அம்மாவுக்கு அதை நான் சிங்களத்தில் சொல்ல, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கிளினிக்கில் இருந்தது ஒரு இளம் பொம்பளை டொக்டர். மிஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்குச் சிங்களம் கொஞ்சம்தான். அதனால் நான்தான் நடுவில் நின்று இவர் சொல்வதை அவளுக்கும் அவள் சொல்வதை இவருக்கும் சொன்னேன். இந்தக் குளிசை நெஞ்சுக்கு, இரத்தக் குழாய் அடைபடாமல் காப்பாற்றும், நாளுக்கு ஒன்று படுக்கப் போகும்போது என்றாள். கைகால் சதையில் நோவு வந்தால், சிறுநீர் கறுத்துப் போனால், உடனே வந்து சொல்லவேண்டும் என்றாள். கடைசியாக, "வென பெஹெத் மொனவத் பொனவாத?" என்று கேட்டாள். வேறு மருந்து ஏதாவது பாவிக்கிறாரா என்று. நான் அப்பாவிடம் கேட்கக்கூட இல்லை. "நெஹெ மிஸ்" என்றேன். இல்லை என்றேன்.

மகனே, அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. அதை மட்டும் சாமி மேல் ஆணையாகச் சொல்வேன். நோவுக் குளிசையை மருந்து என்று யார் நினைத்தது? தேத்தண்ணி குடிக்கிறாரா என்று டொக்டர் கேட்டாளா, நான் சொல்வதற்கு?

இரண்டு மாதம் போகவில்லை, அவருக்குத் தொடை இரண்டும் நோவு எடுத்தது. முழங்கால் நோவு மாதிரி இல்லை, சதையைப் பிழிகிற மாதிரி இருக்கிறது என்றார். மிஸ் சொன்னது எனக்கு ஞாபகம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. ஆனால் அந்த வாரம்தான் இவர் என் பேச்சைக் கேட்காமல் பின்னால் இருக்கும் மிளகுத் தோட்டத்தில் ஏணி போட்டு ஏறி இறங்கியிருந்தார். அதனால் வந்த நோவு என்று நான் முடிவு கட்டினேன். மருந்துக்கார அக்கா அல்லவா, முடிவு கட்டத்தானே பழக்கம்! வாரத்துக்கு இரண்டு மூன்று என்று இருந்த நோவுக் குளிசையைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆக்கினேன். நோவு குறைந்தது. இவர் சந்தோஷமாக நடந்தார். நானும் சந்தோஷப்பட்டேன்.

பார்மசி வைத்திருக்கும் முஸ்லிம் நானா மட்டும் சந்தோஷப்படவில்லை. அவர் வாப்பா காலத்திலிருந்து அந்தக் கடை இருக்கிறது, என்னை டிஸ்பென்சரிக் காலத்திலிருந்து தெரியும். ஒரே மாதத்தில் மூன்றாவது பெட்டி கேட்டபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு, தராமல், "யாருக்கு தங்கச்சி இது?" என்று கேட்டார். ஊட்டுக்காரருக்கு என்றேன். "இத இப்பிடி நாள் தவறாம திங்க ஏலா. கிட்னிய அடிச்சிப்போடும். டொக்டர்கிட்ட ஒருக்கா கேட்டுட்டு வாங்களே" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நானா, நீங்க பெட்டியோட விக்கிறவரு. நான் இருபத்தாறு வருசம் எண்ணிக் குடுத்தவ" என்றேன். கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பெட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தார். "அல்லாஹ் பாத்துக்குவான்" என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அது என்னைத் திட்டியதா, இவருக்காக வேண்டிக்கொண்டதா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதத்தில் அப்பாவின் கணுக்கால் வீங்கியது. காலையில் எழும்பும்போது கண் இரண்டும் ஊதி இருக்கும். கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். அடுத்த தடவை முடிவு வாங்கப் போன நாளைப் பற்றித்தான் நான் உனக்கு ஒருபோதும் சொல்லவில்லை.

அது மறுபடியும் சண்டை தொடங்கி, வழியெல்லாம் பஸ்ஸை நிறுத்தி இறக்கி ஏற்றிக்கொண்டிருந்த காலம். அன்றைக்கு ரத்தோட்டைக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் என் பையையும் திறந்தான். உள்ளே நோவுக் குளிசை மூன்று அட்டை இருந்தது; கிளினிக்கில் வாங்குப் பலகையில் மணிக்கணக்காக உட்காரவேண்டும், நடுவில் ஒன்று போடாவிட்டால் இவரால் எழும்ப முடியாது. அவன் அட்டைகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இவ்வளவு மருந்து யாருக்கு, எங்கே கொண்டு போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். தமிழர் பையில் மருந்து கிடந்தாலே அது வடக்கே போகிறது என்று நினைக்கிற காலம். உன்னைக் கொழும்பில் லொட்ஜிலிருந்து பிடித்துக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்தார்களே, அது என் கண் முன்னால் வந்தது. இவருடைய வீங்கின காலைக் காட்டி, கும்பிட்டு, அழுகிற மாதிரிப் பேசித்தான் பையைத் திரும்ப வாங்கினேன்.

கிளினிக்கில் மிஸ் துண்டைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை, போன தடவையை விட அளவு நன்றாக ஏறியிருக்கிறது என்றாள். கண்டியில் கிட்னி டொக்டருக்குத் துண்டு எழுதினாள். எழுதிக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டாள். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். வேறு மருந்து ஏதாவது? கடையில் வாங்கியது? நோவுக்கு ஏதாவது? "அம்மே, ஹொந்தட்ட மதக் கரலா கியன்ன" என்றாள். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் அம்மா என்று.

நான் யோசிக்கவில்லை. நெஹெ மிஸ் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு வருஷமாக எனக்கு நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். சிப்பாய் கேட்ட கேள்வியும் டொக்டர் கேட்ட கேள்வியும் ஒரே மாதிரி இருந்தன, பயத்தில் வாய் தானாக இல்லை என்றது என்று. நல்ல பதில்தான், கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதில் உண்மையும் இல்லாமல் இல்லை. ஆனால் மகனே, அந்தப் பிள்ளை என்னை அம்மே என்றுதான் கூப்பிட்டாள். அவளைப் பார்த்தா பயந்தேன்? அவள் நோவுக்கு ஏதாவது என்று கேட்ட அந்த நொடியில் பார்மசி நானாவின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. மடியில் இருந்த பையின் மேல் என் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டேன். யாரும் பையைப் பிடுங்க வரவில்லை. நானாகத்தான் மூடினேன். மருந்து இல்லை என்று நினைத்திருந்தால் எதற்கு மூடவேண்டும்? நேற்றுவரைக்கும் அந்தக் கையை நான் நினைத்துப் பார்க்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும் என்றேன், ஆனால் நெஹெ என்பது தெரியாமலா இருக்கும்? பஸ்ஸில் வரும்போது "மிஸ் என்னா கேட்டுச்சு?" என்று மட்டும் கேட்டார். "சாப்பாடு எல்லாம் சரியா சாப்பிடுறீங்களான்னு கேட்டாங்க" என்றேன். "ஓ" என்றார்.

அந்தக் கொழுப்புக் குளிசையை நிறுத்தக்கூடாது என்று மிஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். கிட்னி பழுதானவர்களுக்கு நெஞ்சு வருத்தம் சீக்கிரம் வரும், அதனால் இது இன்னும் கூடத் தேவை, வேண்டுமானால் அளவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அதையும் நான் அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் குளிசை முடிந்து வெளியே வாங்கிய பெட்டி ஒன்று கிடந்ததே, அதற்குள் இருந்த தாளை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். பொடி எழுத்து. பத்தில் ஒன்று விளங்கியது. கிட்னி என்ற சொல் மட்டும் இரண்டு இடத்தில் நன்றாக விளங்கியது. எனக்கு அது போதுமாக இருந்தது. கிடைத்துவிட்டதே ஒரு குற்றவாளி!

அன்றைக்கே அந்தக் கொழுப்புக் குளிசையை நிறுத்தினேன். லயம் முழுக்கச் சொன்னேன். உனக்குப் போன் எடுத்து அழுதேன். "இந்தக் குளிசைதாம்பா அப்பாவோட கிட்னியத் தின்னுருச்சு" என்றேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியையே வைதாய். அதே நாளில் நோவுக் குளிசையையும் நிறுத்தினேன். ஒன்றை ஊருக்கெல்லாம் சொல்லி நிறுத்தினேன், மற்றதை ஒருவருக்கும் சொல்லாமல் நிறுத்தினேன். அதை ஏன் நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாத மாதிரி இருந்தேன்.

மூன்று மாதத்தில் வீக்கம் வற்றியது. கண்டியில் பார்த்தபோது கிட்னி அளவும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பார்த்தீர்களா என்றேன். எல்லாரும் பார்த்தார்கள். கீழ் லயத்தில் இரண்டு பேர் என் பேச்சைக் கேட்டுத் தங்கள் கொழுப்புக் குளிசையை நிறுத்தினார்கள். நான் மாசா மாசம் கிளினிக்குக்குப் போய் அப்பாவின் கொழுப்புக் குளிசையை வாங்கி வந்து அடுப்புச் சாம்பலோடு கொட்டினேன். கிளினிக் கொப்பியில் அவர் ஒழுங்காகப் போடுகிறார் என்றே எழுதியிருக்கும். மிஸ்ஸுக்குத் தெரிந்தால் ஏசுவாள் என்றுதான் அப்படிச் செய்தேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சின்னப் பிள்ளையிடம் ஏச்சு வாங்குவது எனக்கு அவ்வளவு பெரிய விசயமாக இருந்திருக்கிறது.

பதினோராவது மாதம், கார்த்திகை விளக்குக்கு எண்ணெய் வாங்கப் போனவர் தோட்டத்துக் கடைக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. வார்ட்டில் நின்ற டொக்டர் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, இந்தக் குளிசையை விடாமல் போட்டுக்கொண்டுதானே இருந்தார் என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நீ வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நீ வாசலில் விழுந்து, "அந்தக் குளிசைதானேம்மா, அந்தக் குளிசைதானே" என்று அழுதாய். அதற்கும் நான் தலையை ஆட்டினேன். கிட்னிக்குப் போட்ட பழியை நெஞ்சுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டோம். அதை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகியிருந்தும் ஒருவருக்கும் அது பொருந்தாமல் தெரியவில்லை.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் எனக்கு இரத்தம் எடுத்திருந்தார்கள் என்று சொன்னேனே, முடிவு வாங்கப் போனேன். எனக்கும் கொழுப்பு கூட இருக்கிறதாம். உன் அப்பா இருந்திருந்தால் "நான் அப்பவே சொன்னேன்ல, மாத்தி எழுதிட்டாங்கன்னு" என்று ஊரைக் கூட்டியிருப்பார். பழைய மிஸ் மாறிப்போய்விட்டாள், இப்போது ஒரு இளந்தாரி டொக்டர். அதே குளிசையை எழுதினார். அதே கேள்வியையும் கேட்டார். நான் பையை எடுத்து அவர் மேசை மேல் கவிழ்த்தேன். பிரசர்க் குளிசை, நோவுக் குளிசை, தைலப் போத்தல், இஞ்சி மிட்டாய், தோடம்பழத் தோல், சாவிக் கொத்து எல்லாம் விழுந்தது. அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் பேனையை வைத்துவிட்டு என்ன அம்மே என்றார். வெளியே வரிசை காத்திருந்தது. இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். நாள்கணக்காக அப்படி நோவுக் குளிசை போட்டால், அதுவும் பிரசர் இருக்கிற வயதானவருக்கு, சிறுநீரகம் பழுதாகிறது அடிக்கடி பார்க்கிற சங்கதி என்றார். கொழுப்புக் குளிசையால் சதை நோவு வரலாம், மிக அரிதாக அது முற்றிக் கிட்னியையும் தாக்கலாம், அதனால்தான் வந்து சொல்லச் சொல்வது. சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார்கள், வேறு குளிசைக்கு மாற்றியிருப்பார்கள் என்றார். அப்படியானால் என் புருஷனுக்கு எது செய்தது, இதுவா அதுவா என்று கேட்டேன். நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இருப்பாரா என்று கேட்டேன். "கியன்ன பே அம்மே" என்றார். சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டீர்கள், நான் அவரைப் பார்த்ததும் இல்லை, இனி யாராலும் சொல்ல முடியாது என்றார்.

ஏசியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன். இல்லை, உங்கள் பிழை இல்லை என்று சொல்லியிருந்தாலும் அழுதுவிட்டு வந்திருப்பேன். இரண்டும் இல்லாமல், எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவது என்று தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அந்த மிளகுத் தோட்டத்து ஏணியால்தான் அவர் தொடை நொந்ததா, குளிசையாலா? நொந்தது குளிசையால் என்றால், அந்த நோவை அடக்க நான் கொடுத்ததுதான் கிட்னியைக் கெடுத்ததா? கிட்னி தேறியதே, அது எதை நிறுத்தியதால்? நெஞ்சு நின்றதே, அது எதை நிறுத்தியதால்? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. அவர் "ஓ" என்றாரே, அது என்ன ஓ? தெரிந்துகொண்டுதான் என் கையால் வாங்கிப் போட்டாரா? இதில் எதற்கும் எனக்குப் பதில் கிடைக்கப்போவதில்லை. இன்று காலையில் கீழ் லயத்து இரண்டு பேரிடமும் போய், நான் சொன்னது எனக்கே நிச்சயமில்லை, கிளினிக்கில் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருத்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஆனால் ஒன்றில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ குப்பையில் போட்ட குளிசையை மறுபடி கேட்டு வாங்கு. என் அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் இருந்தது, கிட்னியும் பழுதானது என்று இரண்டையும் அந்த டொக்டரிடம் சொல். கிட்னிக்கும் ஒரு தடவை இரத்தம் பார்க்கச் சொல். தொடை நொந்தால் அவரிடம் போ. நீயாக எதையும் விழுங்காதே, நீயாக எதையும் நிறுத்தாதே. என்னிடம் கேட்காதே.

இன்னொன்று இருக்கிறது. போன ஆவணியில் ஊருக்கு வந்துபோன உன் கூட்டாளியிடம் ஒரு ஜாம் போத்தல் நிறைய முதுகு நோவுக்கு என்று குளிசை கொடுத்தனுப்பினேனே, பெயரும் இல்லாமல், பெட்டியும் இல்லாமல். தினம் போடுகிறாயா, இரண்டு வேளையா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நல்லா கேக்குது என்றாய். அது அப்பாவுக்கு நான் கொடுத்த அதே குளிசைதான். இத்தனைக்குப் பிறகும், மகனுக்கு நோவு என்றதும் என் கை தானாக அதைத்தான் எடுத்திருக்கிறது.

இன்றிலிருந்து அதைத் தொடாதே. கொட்டியும் விடாதே. போத்தலோடு கொண்டுபோய் டொக்டரின் மேசை மேல் வை. இது என்ன, யார் தந்தது என்று அவர் கேட்பார். ஒன்றும் மறைக்காதே. என் அம்மா தந்தாள் என்று சொல்.

அம்மா